வாசகர் கேள்வி–பதில்: குழந்தையின் தெம்பு எங்கே செலவாகிறது?

உடல் இயக்கக் குறைபாடோ நாள்பட்ட நோயோ உள்ள மாணவர்களின் படிப்பைப் பற்றிக் கேள்விகள் அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். ஆசிரியர்களும் பெற்றோர்களும் எழுதியிருக்கிறார்கள். ஒரு மாணவியும் எழுதியிருக்கிறாள். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை. பதில் அளிப்பவர் நெடுங்காலம் சிறப்பாசிரியராகப் பணியாற்றியவர்.

கேள்வி: நான் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. மூளை முடக்குவாதம் உள்ள மாணவி ஒருத்தி இந்த ஆண்டு என் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். வாய்மொழியாகக் கேட்டால் சரியாகப் பதில் சொல்கிறாள். ஆனால் மற்றவர்கள் பத்து வரி எழுதும் நேரத்தில் அவளால் இரண்டு வரிகூட எழுத முடிவதில்லை. அவளுக்கு மட்டும் பாடத்தைக் குறைக்கலாமா? அது மற்றவர்களுக்கு அநியாயம் ஆகாதா?

பதில்: பாடத்தைக் குறைக்காதீர்கள், எழுத்தைக் குறையுங்கள். இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால்தான் நல்ல அறிவுள்ள குழந்தைகள் பலர் கீழ்வகுப்புப் பாடத்திலேயே தேங்கிவிடுகிறார்கள். பிறப்பதற்கு முன்போ, பிறக்கும்போதோ, பிறந்த சிறிது காலத்திலோ மூளைக்கு நேர்ந்த சேதத்தால் தசைகளின் அசைவும் உடலின் நிலையும் கட்டுப்பாட்டுக்குள் வராமல் போவதையே மூளை முடக்குவாதம் என்கிறோம். அந்தச் சேதம் நாளுக்கு நாள் பெருகுவதில்லை. பெரும்பாலோருக்குத் தசைகள் விறைத்திருக்கும். சிலருக்குக் கைகால்கள் தாமாக நெளியும். சிலருக்கு உடல் தள்ளாடும். அறிவும் பாதிக்கப்பட்டே தீரும் என்பதில்லை. வாய் குழறுவதைப் பார்த்துவிட்டு மூளையும் மந்தம் என்று முடிவு கட்டுவதுதான் என் பணிக்காலத்தில் நான் மிக அதிகமாகக் கண்ட தவறு.

நாளைக்கு ஒரு பத்து நிமிடம் பாடத்தை நிறுத்திவிட்டு, அவள் எழுதுவதை மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். முதலில் பாதங்களைப் பாருங்கள். அவை தரையைத் தொடாமல் தொங்கிக்கொண்டிருந்தால் இடுப்பு நாற்காலியில் முன்னுக்குச் சரியும். சரியாமலிருக்க அவள் ஒரு கையால் மேசை விளிம்பைப் பற்றிக்கொள்வாள். தாளைப் பிடிக்க வேண்டிய கை அங்கே போய்விட்டதால் தாள் நழுவும். நழுவும் தாளை எழுதும் கையாலேயே அழுத்தி நிறுத்தப் பார்ப்பாள். அழுத்த அழுத்த விறைப்பு விரலிலிருந்து தோள் வரைக்கும் ஏறும். ஓர் எழுத்து முடிவதற்குள் அவளுடைய உடல் இத்தனை வேலை செய்திருக்கும். அந்த நேரத்தில் நீங்கள் "சீக்கிரம், சீக்கிரம்" என்று சொன்னால் விறைப்பு இன்னும் கூடும். பதற்றமும் திடீர்ச் சத்தமும் இந்தத் தசைகளை உடனே இறுக்கிவிடும்.

ஆகவே இடுப்பும் முழங்காலும் கணுக்காலும் ஏறத்தாழச் செங்கோணத்தில் மடங்கியிருக்கும்படி உட்கார வையுங்கள். பாதங்களுக்கு அடியில் ஒரு மரப்பலகை போதும். தாளின் மூலைகளை மேசையோடு ஒட்டிவிடுங்கள், அல்லது அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பைப் போடுங்கள். சற்றே சாய்ந்த எழுதுபலகையும் தடித்த பென்சிலும் பலருக்கு உதவுகின்றன. இவற்றில் எது அவளுக்குப் பொருந்தும் என்பதை இயன்முறை மருத்துவரோ, அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் தொழில்வழிச் சிகிச்சையாளரோ ஒருமுறை வகுப்பறைக்கே வந்து பார்த்துச் சொல்வது நல்லது. மருத்துவமனையில் ஒழுங்காக உட்கார்ந்த குழந்தை வகுப்புப் பெஞ்சில் அப்படி உட்காரும் என்று எதிர்பார்க்க முடியாது.

இதற்குப் பிறகும் எழுத்து மெதுவாகவே இருக்கும். பத்துக் கணக்கு கொடுக்கிற இடத்தில், ஒவ்வொரு வகையிலும் ஒன்றாக நான்கைத் தேர்ந்து கொடுங்கள். கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதும் வேலையை அறவே நீக்கிவிட்டு அச்சிட்ட தாளைக் கொடுத்துவிடுங்கள். அந்த வேலையால் எந்தக் குழந்தைக்குமே பெரிய லாபம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. விடையை அவள் வாயால் சொல்லலாம், அடிக்கோடிடலாம், கணினியில் தட்டச்சு செய்யலாம். விரல் பக்கத்து எழுத்தின் மேல் விழுந்துவிடுகிறது என்றால், விசைப்பலகையின் மேல் பொருத்தும் துளையிட்ட தகடு கிடைக்கிறது.

அநியாயம் என்ற கேள்விக்கு வருகிறேன். நிலவியல் தேர்வு நிலவியல் அறிவை அளப்பதற்கு. விரலின் வேகத்தை அளப்பதற்கு அன்று. ஐ.நா. பொதுச்சபை 2006-ல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, இத்தகைய நியாயமான மாற்றங்களைச் செய்து தர மறுப்பதையே பாகுபாடு என்று வரையறுக்கிறது. கல்வி பற்றிய அதன் 24-ஆம் பிரிவைப் பள்ளி நிர்வாகத்தினர் ஒருமுறையாவது படித்துப் பார்க்க வேண்டும்.

கேள்வி: என் மாணவன் பேசுவது எனக்குப் பாதிதான் புரிகிறது. மறுபடி மறுபடி கேட்டால் புண்படுவானோ என்று தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறேன். சரியா?

பதில்: சரியில்லை. நீங்கள் பொய்யாகத் தலையாட்டுகிறீர்கள் என்பது அவனுக்கு முதல் தடவையே தெரிந்துவிடும். புரிந்த பாதியைத் திருப்பிச் சொல்லி, மீதியை மட்டும் மறுபடி சொல்லச் சொல்லுங்கள். கேள்வி கேட்டபின் மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். அவனுடைய வாக்கியத்தை நீங்கள் முடித்துவைக்காதீர்கள். அப்படியும் போதவில்லை என்றால் படங்களும் எழுத்துகளும் கொண்ட தொடர்புப் பலகையை மேசையில் நிரந்தரமாக வைத்துவிடுங்கள். விரல் நீட்ட முடியாதவர்கள் கண்ணால் சுட்டுவார்கள். பலகை வந்தால் பேச்சு நின்றுவிடும் என்று சில பெற்றோர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் தேவையில்லை.

கேள்வி: என் மகனுக்குப் பத்து வயது. டுஷென் தசைச்சிதைவு நோய் என்று சொல்லியிருக்கிறார்கள். நடப்பதற்குச் சிரமப்படுகிறான். சக்கர நாற்காலி கொடுத்தால் சோம்பேறியாகிவிடுவான், நடக்க நடக்கத்தான் பலம் வரும் என்கிறார் உடற்கல்வி ஆசிரியர். இவனுக்குப் படிப்பு எதற்கு என்று உறவினர் ஒருவரும் கேட்டுவிட்டார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

பதில்: உடற்கல்வி ஆசிரியரின் அக்கறையை நான் குறை சொல்லவில்லை, ஆனால் அவர் சொல்வது மற்ற குழந்தைகளுக்குப் பொருந்தும், உங்கள் மகனுக்குப் பொருந்தாது. தசை நார்களைக் காக்கும் டிஸ்ட்ரோபின் என்ற புரதம் அவன் உடலில் உருவாவதில்லை. அதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் இந்த நோய் பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கே வருகிறது. அந்தப் புரதம் இல்லாத தசை கடும் உழைப்பால் வலுப்பெறுவதில்லை, மேலும் சிதைகிறது. படியேற வைப்பதும், களைத்த பிறகும் நடக்கச் சொல்வதும் பயிற்சியாகாது. தசைநார்கள் சுருங்காமலிருக்க மென்மையாக நீட்டும் பயிற்சிகள் உண்டு; அவற்றை இயன்முறை மருத்துவர் சொன்ன அளவில் செய்தால் போதும்.

தரையிலிருந்து எழும்போது அவன் தன் கைகளைத் தொடைமேல் ஊன்றி, தன்மேல் தானே ஏறுவதுபோல எழுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வகுப்பில் தரையில் உட்கார வைத்தால் ஒவ்வொரு பாடவேளைக்கும் இந்தப் போராட்டம் நடக்கும். அவன் பெற்றிருக்கும் தெம்பு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் முக்கால் பங்கு வாசலிலிருந்து வகுப்புக்கு வருவதற்கும் மாடிப்படிக்கும் போய்விட்டால், பாடத்துக்கு மிஞ்சுவது என்ன? வெகுதூரம் போகச் சக்கர நாற்காலி, வகுப்புக்குள் நடை என்று முதலில் வைத்துக்கொள்ளலாம். நாற்காலி வந்த பிறகு சகமாணவர்களோடு மைதானத்துக்குப் போகத் தொடங்கிய பையன்களை நான் பார்த்திருக்கிறேன். அதுவரை இடைவேளைகளில் அவர்கள் வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தார்கள். அவனுடைய வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றும்படி இப்போதே கேளுங்கள். நோய் வளர்வது என்பதால் ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் ஏற்பாடுகளை மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். இடுப்பும் தோளும் முதலில் தளர, விரல்கள் நெடுநாள் தாக்குப்பிடிக்கும். ஆகவே கணினிப் பழக்கத்தை முன்கூட்டியே தொடங்கிவிடுங்கள்.

உறவினருக்குச் சொல்லுங்கள்: மூச்சுக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் சிகிச்சை முன்னேறியிருப்பதால் இந்த நோயோடு முப்பது வயதைத் தாண்டுவோர் இப்போது பலர். கல்லூரிப் படிப்பையும் வேலையையும் பற்றி யோசிக்க வேண்டிய வாழ்க்கை அது. அமெரிக்காவில் எட் ராபர்ட்ஸ் என்பவர் 14 வயதில் போலியோவால் கழுத்துக்குக் கீழே செயலிழந்து, இரவில் மூச்சுவிட உதவும் இரும்பு நுரையீரல் இயந்திரத்துக்குள் உறங்கியவர். இவரால் ஒருபோதும் வேலை செய்ய இயலாது என்று கலிபோர்னியாவின் மறுவாழ்வுத் துறை உதவித்தொகை தர முதலில் மறுத்தது. அவர் போராடி 1962-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். இயந்திரம் விடுதி அறைக்குள் வைக்கத் தோதாக இல்லாததால் வளாக மருத்துவமனையின் ஒரு பகுதியில் தங்கிப் படித்தார். 1970களின் நடுவில் அதே மறுவாழ்வுத் துறைக்கு அவரே தலைவராக நியமிக்கப்பட்டார்.

கேள்வி: எங்கள் பள்ளியில் சாய்தளம் கட்டியிருக்கிறோம். ஆனால் சக்கர நாற்காலியில் வரும் மாணவனை இன்னும் இருவர் தூக்கித்தான் ஏற்றுகிறார்கள். என்ன கோளாறு?

பதில்: பெரும்பாலும் சரிவுதான். 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. உங்கள் வாசல் 2 அடி உயரம் என்றால் சாய்தளம் 24 அடி நீளவேண்டும். படிக்கட்டு இருந்த இடத்துக்குள்ளேயே அதை அடக்கிவிட்டால் அது சறுக்குமரமாகத்தான் இருக்கும். மேலே ஏறியதும் திரும்ப ஒன்றரை மீட்டர் சமதளமும், கதவில் 80 செ.மீ. திறப்பும் வேண்டும். சக்கர நாற்காலி மாணவரைச் சேர்ப்பதற்கு ஆட்சேபம் வரும்போது தீவிபத்துக் கதையும் சேர்ந்து வரும். நியூயார்க்கில் ஜூடி ஹியூமன் என்ற சிறுமியை ஐந்து வயதில், சக்கர நாற்காலி தீவிபத்துக் காலத்தில் ஆபத்து என்று சொல்லிப் பள்ளியில் சேர்க்க மறுத்தார்கள். 1970-ல் ஏறக்குறைய இதே காரணத்தைச் சொல்லி அவருக்கு ஆசிரியர் உரிமமும் மறுக்கப்பட்டது. வழக்குத் தொடுத்து உரிமம் பெற்று, அந்நகரில் சக்கர நாற்காலியிலிருந்து பாடம் நடத்திய முதல் ஆசிரியர் ஆனார். தீவிபத்து ஒத்திகையில் அந்த மாணவனை யார், எந்த வழியாக அழைத்துச் செல்வது என்று எழுதிவைத்தால் ஆட்சேபத்துக்கு இடமிராது.

கேள்வி: தேர்வு மேற்பார்வையில் இருந்தபோது ஒரு மாணவி பையிலிருந்து எதையோ எடுத்துத் தின்ன முயன்றாள். விதியைச் சொல்லித் தடுத்தேன். அவள் கோபமாகப் பேசினாள், பிறகு அழுதாள், எழுதியதையெல்லாம் அடித்தாள். முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ளவள் என்று பிறகுதான் தெரிந்தது. நான் செய்தது பெரிய தவறா?

பதில்: தவறுதான். ஆனால் அதில் பெரும்பங்கு உங்களிடம் முன்கூட்டிச் சொல்லாத பள்ளியைச் சேரும். முதல் வகை நோயில் உடலின் எதிர்ப்பாற்றலே இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. 1921-ல் டொரான்டோவில் பான்டிங்கும் பெஸ்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்ததற்கு முன் இந்தக் குழந்தைகள் நெடுநாள் பிழைத்ததில்லை. இன்று வெளியிலிருந்து இன்சுலின் செலுத்திக்கொண்டு வாழ்கிறார்கள். ஆனால் மருந்து, உணவு, ஓட்டம் என்ற மூன்றின் கணக்கு சற்றுப் பிசகினாலும் சர்க்கரை தாழ்ந்துவிடும். மூளை குளுக்கோஸை நம்பி இயங்குவது. அது குறைந்தால் நடுக்கத்துக்கும் வியர்வைக்கும் முன்பே சிலருக்குச் சிடுசிடுப்பும் குழப்பமும் வரும். நீங்கள் கண்ட கோபம் அதுதான்.

இரத்தச் சர்க்கரை 70 மி.கி.க்குக் கீழே போனால் 15 கிராம் அளவுக்கு வேகமாகச் செரிக்கும் சர்க்கரை, அதாவது குளுக்கோஸ் மாத்திரைகளோ அரைக் குவளை பழச்சாறோ கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். மயங்கிய குழந்தையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே மருத்துவ உதவியை அழைக்க வேண்டும். தலைசுற்றும் மாணவியை ஓய்வறைக்குத் தனியாக அனுப்பவும் கூடாது. தேர்வு மேசையில் சோதனைக் கருவி, தண்ணீர், குளுக்கோஸ் மூன்றும் இருக்க முன்கூட்டியே எழுத்துப்பூர்வ அனுமதி வாங்கிவைப்பதும், சர்க்கரை தாழ்ந்து எழுந்த நேரத்தைத் தேர்வு நேரத்தில் சேர்த்துக் கொடுப்பதும் பள்ளியின் கடமை. அந்த மாணவியிடம் நீங்கள் ஒருமுறை வருத்தம் தெரிவித்துவிடுவது உங்களுக்கும் நல்லது.

கேள்வி: ஏழு வயது மாணவன் ஒருவன் பாடத்தின் நடுவே வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறான். கண்டித்தும் பயனில்லை. கவனக்குறைவா, நோயா?

பதில்: கனவு காணும் பையன் பேரைச் சொல்லித் தோளைத் தொட்டால் திரும்புவான். வலிப்பின் ஒரு வகையில், கை கால் உதறாமல், சில வினாடிகள் மட்டும் நினைவு அறுந்து போகும். அப்போது எவ்வளவு கூப்பிட்டாலும் தெரியாது. வாசித்துக்கொண்டிருந்தால் சொல்லின் நடுவில் நின்று, இமைகள் துடித்து, பத்துப் பதினைந்து வினாடி கழித்து ஒன்றும் நடக்காததுபோல் தொடர்வான். ஒரே நாளில் இது பல தடவை வரலாம். ஒவ்வொரு தடவையும் பாடத்தில் ஒரு துண்டு காணாமல் போகும். அவனைப் பொறுத்தவரை ஆசிரியர் ஒரு வாக்கியத்திலிருந்து வேறொரு வாக்கியத்துக்குத் தாவிவிட்டார். ஒரு வாரத்துக்குத் தேதி, நேரம், எத்தனை வினாடி என்று குறித்துப் பெற்றோரிடம் கொடுங்கள். மருத்துவருக்கு அந்தக் குறிப்பு மிகவும் பயன்படும். மருந்துகள் பெரும்பாலோருக்கு நன்றாகவே கேட்கின்றன. உடல் உதறும் வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கு அடியில் மென்மையாக எதையாவது வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். வாய்க்குள் எதையும் செருக வேண்டாம், பிடித்து அமுக்கவும் வேண்டாம். 5 நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸை அழையுங்கள்.

கேள்வி: இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின் என் மகள் ஐந்தாம் வகுப்புக்குத் திரும்புகிறாள். ஓராண்டுப் பாடம் விட்டுப்போயிருக்கிறது. பள்ளியிடம் என்னென்ன கேட்க வேண்டும்?

பதில்: விட்டுப்போன பாடம் முழுவதையும் நடத்தச் சொல்லாதீர்கள். அடுத்த பாடம் எதன்மேல் நிற்கிறதோ அதை மட்டும், பின்னம் போன்றவற்றை, தேர்ந்து கற்பிக்கச் சொல்லுங்கள். முதல் வாரங்களில் அரைநாள் போதும். குழந்தைகளுக்கு மிகுதியாக வரும் வகையில் சிகிச்சை இரண்டு, மூன்று ஆண்டு நீள்வதால், அவள் இன்னும் மாத்திரை உட்கொண்டிருக்கலாம், எதிர்ப்பாற்றல் குறைந்திருக்கும். வகுப்பில் யாருக்காவது சின்னம்மையோ தட்டம்மையோ வந்தால் அன்றைக்கே உங்களுக்குச் சொல்ல வேண்டும். இந்த ஒன்றைக் கண்டிப்பாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அவள் வருவதற்கு முன்பே, அவளுடைய சம்மதத்தோடு, இது ஒட்டுகிற நோயல்ல, முடி மறுபடி வளரும் என்று ஆசிரியர் வகுப்பில் பேசிவிடுவது நல்லது. மூளையையும் தண்டுவடத்தையும் காக்கக் கொடுக்கும் மருந்துகளால் கவனமும் யோசிக்கும் வேகமும் சில குழந்தைகளுக்குக் குறைகின்றன. இது சிகிச்சை முடிந்து சில ஆண்டுகள் கழித்துக்கூட, கணக்குப் பாடத்தில் முதலில் தெரியவரலாம். அப்போது இருக்கும் ஆசிரியருக்குப் பழைய கதை தெரியாது. "சோம்பல்" என்று மதிப்பெண் அட்டையில் எழுதிவிடுவார். ஆகவே மருத்துவச் சுருக்கம் ஒன்று வகுப்புக்கு வகுப்பு அவளோடு போக வேண்டும்.

கேள்வி: நான் எட்டாம் வகுப்பு மாணவி. பிறவியிலேயே முதுகெலும்புப் பிளவு இருப்பதால் சக்கர நாற்காலியில் இருக்கிறேன். சிறுநீரைக் குழாய் வைத்துத்தான் வெளியேற்ற வேண்டும். பள்ளியில் அதற்கு இடம் இல்லை. அதனால் காலையிலிருந்து மாலைவரை தண்ணீரே குடிப்பதில்லை. இதை ஆசிரியரிடம் எப்படிச் சொல்வது?

பதில்: நாளையிலிருந்து தண்ணீர் குடிக்க வேண்டும், அதற்கு முதலில் சம்மதி. தண்ணீர் குடிக்காமலிருந்தாலும் சிறுநீர் ஊறிக்கொண்டுதான் இருக்கும். சிறுநீர்ப்பையில் தேங்கினால் தொற்று வரும், அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியேற்றியே ஆக வேண்டும். தாகத்தோடு உட்கார்ந்திருக்கிறவளுக்குத் தலைவலியும் சோர்வும் வந்து பிற்பகல் பாடமெல்லாம் வீணாவது வேறு. (உனக்கு மூளைநீரை வடிக்கும் குழாய் பொருத்தியிருந்தால், தலைவலியோடு வாந்தியும் தூக்கமயக்கமும் வந்த அன்றைக்குத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதை ஆசிரியருக்கும் தெரிவித்துவை.)

எப்படிச் சொல்வது என்று கேட்டாய். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் இதை எழுதிக் கொடு: "எனக்கு ஒரு மருத்துவத் தேவைக்காக நாள்தோறும் இரண்டு தடவை, பதினைந்து நிமிடம், உள்ளே தாழ்ப்பாள் உள்ள சுத்தமான அறை வேண்டும். அதில் கைகழுவத் தண்ணீரும், பொருள் வைக்க ஓர் அலமாரியும், நாற்காலி திரும்ப இடமும் வேண்டும். வகுப்பில் எல்லார் முன்னும் அனுமதி கேட்க என்னால் இயலாது. மேசைமேல் இந்த நிற அட்டையை வைத்தால் போகிறேன் என்று பொருள்." அடியில் உன் அம்மாவோ அப்பாவோ கையெழுத்திடட்டும், மருத்துவர் சீட்டை இணைத்துவிடு. யாராவது உதவ வேண்டியிருந்தால் அவர்கள் அணியும் கையுறை லேடக்ஸ் (இயற்கை ரப்பர்) இல்லாததாக இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுது, உன்னைப்போன்ற பலருக்கு லேடக்ஸ் ஒத்துக்கொள்வதில்லை.

அறை கிடைத்ததும் சாவியை அலுவலகத்தில் தொங்கவிடச் சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதே. அங்கே ஒன்று இருக்கட்டும், இன்னொன்று உன் பையில் இருக்கட்டும்.